நிற்கிற வண்டி தின்கிற காசு

(கிருஷ்ணகிரியில் பழைய கார் வியாபாரிகள் கூட்டத்தில் பேசியது)

பழைய கார் கன்சல்டிங் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், சேலம், பெங்களூரு என்று வண்டி தேடி அலையும் தம்பிகளுக்கும் வணக்கம். வண்டி விலைக்கு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். அது யார்டில் நிற்கப்போகும் நாட்களுக்கு நாம் விலை போடுவதே இல்லை.

போன 2025 ஆடியில் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் எடுத்தேன், 4 லட்சம். தீபாவளிக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்கு. செப்டம்பர் 22 வந்தது. புதிய சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் போய், வெறும் 18 ஆனது. வரிக்கு முன் 5 லட்சம் விலையுள்ள புது வண்டி 6,45,000-லிருந்து 5,90,000-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் பழைய வண்டிக்கு யார் பழைய விலை தருவார்கள்?

என் வண்டி மாமரத்தடியிலேயே நின்றது. பானெட்டில் பிசின் படிந்து, பேட்டரி இறங்கி, ஜம்பர் வயர் போட்டால்தான் கிளம்பும். வண்டி எடுத்தது ரெண்டு வட்டிப் பணத்தில், நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய்; அப்படியானால் மாதம் 8,000. மூன்று மாதத்தில் 24,000. டிங்கரிங், டயருக்கு 16,000. கடைசியில் 4,30,000-க்குக் கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு 30,000 லாபம், எனக்கு 10,000 நஷ்டம்.

அதற்கும் வரி உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய காரில் சிறியது பெரியது என்று பார்க்காமல் 18 சதவீதம் என்று முடிவு செய்தது. சிறிய வண்டிக்கு முன்பு 12-தான். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி, அது நியாயம். ஆனால் அதில் வட்டியும் கழியாது, டிங்கரிங்கும் கழியாது. 30,000-க்கு 5,400 கட்டினேன். கைக்காசு போன வண்டிக்கு வரி! நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

கேஏ நம்பர், அதாவது கர்நாடக வண்டி, மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறோம். சரி, அங்குள்ள ஆர்டிஓவிலிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வர வேண்டும், ஃபைனான்ஸ் இருந்தால் அதை ரத்து செய்ய வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். அத்தனை நாளும் வட்டி ஓடும்.

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி, 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்தது, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. வங்கிக் கடனில் புது வண்டி எடுப்பவருக்கு அது நல்லது. நம் ரெண்டு வட்டி ஒரு பைசாகூட இறங்கவில்லை.

இப்போது என் யார்டில் ஒவ்வொரு கண்ணாடியிலும் எடுத்த தேதி சாக்பீஸில் எழுதியிருக்கும். 45 நாள் தாண்டினால் அசலுக்கே தர்மபுரிக்கோ திருப்பத்தூருக்கோ கை மாற்றிவிடுகிறேன். போன வாரம் அப்படி இரண்டு வண்டி போனது.