ரிக்ஸ்டோர்ஃப்: பெர்லினுக்குள்ள இருக்குற கிராமம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க, பேச கூப்பிட்டதுக்கு நிலையத்தாருக்கு நன்றி. இன்னைக்கு நான் சொல்லப்போறது பெர்லினோட சேர்ந்துபோன ஒரு கிராமத்தோட கதை. ஊரு பேரு ரிக்ஸ்டோர்ஃப். இப்போ அது நோய்கோல்ன் மாவட்டத்துக்குள்ள நாலஞ்சு தெருவா இருக்கு, சுத்தி எங்க பாத்தாலும் அஞ்சு மாடி வீடு, பஸ்ஸு, கூட்டம், ஆனா ரிஷார்ட்பிளாட்ஸ்னு ஒரு திடல் இருக்கு, அங்க போய் நின்னீங்கன்னா பழைய கிராமத்தோட வடிவம் அப்படியே தெரியும், நடுவுல நீளமா பொதுநிலம், ஒரு பக்கம் சின்ன சர்ச், நடுவுல கொல்லன் பட்டறை. அந்த எடத்துல பட்டறை வந்தது 1624ல.

ஊரு அத விட ரொம்ப பழசு. 1360 ஜூன் 26ம் தேதி, யோஹானிட்டர்னு சொல்ற கிறிஸ்தவ வீரத்துறவிகள் சபை தங்களோட பண்ணை ஒண்ண கிராமமா மாத்தி பத்திரம் எழுதினாங்க, அந்த பக்கத்துல பல கிராமத்துக்கு எப்போ ஆரம்பிச்சதுன்னே தெரியாது, இந்த ஊருக்கு நாள் தேதியோட பிறந்தநாள் இருக்கு. 1435ல சபைக்காரங்க வித்துட்டாங்க, வாங்கினது பெர்லினும் அதோட இரட்டை நகரமான கோல்னும். அதாவது ரிக்ஸ்டோர்ஃப் பெர்லினோட சேர்றதுக்கு கிட்டத்தட்ட ஐநூறு வருஷம் முன்னாடியே அந்த நகரத்துக்குதான் வரி கட்டிட்டு இருந்துச்சு.

எனக்கு இந்த ஊர் மேல இவ்ளோ பிரியம் வர காரணம் 1737ல நடந்த விஷயம். பொஹீமியா, அதாவது இன்னைக்கு செக் நாடு, அங்க புராட்டஸ்டண்ட் மக்கள் அவங்க விசுவாசத்தோட வாழ முடியல, ஆஸ்திரியாவ ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஆட்சியில கத்தோலிக்கரா மாறு இல்லன்னா நாட்ட விட்டு போன்னு நெருக்கடி, ராத்திரியோட ராத்திரியா வீட்ட நெலத்த விட்டுட்டு எல்ல தாண்டி ஓடி வந்தவங்க நெறைய பேரு. அதுல 18 குடும்பத்த, பெர்லின தலைநகரா வச்சிருந்த பிரஷ்யா நாட்டு ராஜா முதலாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரிக்ஸ்டோர்ஃப்ல குடிவச்சாரு, ரெண்டு ரெண்டு குடும்பம் சேர்ந்து இருக்குற மாதிரி 9 வீடு, கூடவே உழுறதுக்கு நெலம். ராஜாவுக்கும் தேவை இருந்துச்சுங்க, ஜனங்க கம்மியான நாட்டுக்கு ஆள் வேணும், உழைக்கிற கை வேணும். ஆனாலும் எல்லாத்தையும் இழந்து வந்தவங்களுக்கு சொந்தமா ஒரு வாசல் கெடச்சது சின்ன விஷயமில்ல.

அப்புறம் ஒரே ஊரு ரெண்டு ஊரா ஆச்சு. ஜெர்மன் ரிக்ஸ்டோர்ஃப், பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃப், நடுவுல ஒரு தெருதான் தூரம், ஆனா தனி நிர்வாகம், தனி பள்ளிக்கூடம், தனி மொழி. வந்தவங்களுக்குள்ளயே மூணு சபை, லூத்தரன், சீர்திருத்த சபை, அப்புறம் மொராவியன் சபைன்னும் சொல்ற ஹெர்ன்ஹூட் சகோதரர் சபை. இந்த ஹெர்ன்ஹூட் ஆளுங்க நமக்கு அந்நியமில்ல, 1760ல இதே சபைக்காரங்க தரங்கம்பாடிக்கு வந்து பக்கத்துலயே தோட்டம் போட்டு குடியேறி பல வருஷம் இருந்தாங்க. பெர்லின் பக்கத்துல ஒரு சின்ன தெருவுல ஜெபம் பண்ணவங்களும் நம்ம சோழமண்டல கரையில ஜெபம் பண்ணவங்களும் ஒரே குடும்பம், இத முதல்ல படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு.

1874ல ரெண்டு ரிக்ஸ்டோர்ஃபையும் ஒண்ணாக்கினப்போ ஜனத்தொகை சுமார் 8 ஆயிரம். அதுக்கப்புறம் நடந்தத வளர்ச்சின்னு சொல்றதா வெள்ளம்னு சொல்றதா தெரியல. பெர்லின்ல தொழிற்சாலைங்க பெருகுது, வேலைக்கு வர்றவங்களுக்கு ஊருக்குள்ள வாடகை கட்டுப்படியாகல, எல்லாரும் இங்க வர்றாங்க, வயல எல்லாம் மனை போட்டு வித்து, முற்றத்துக்கு பின்னாடி முற்றம்னு வெளிச்சமே வராத வாடகை குடியிருப்பா கட்டித் தள்ளுறாங்க. 1899ல நகர அந்தஸ்து கெடச்சப்போ சுமார் 90 ஆயிரம் பேரு, அது வரைக்கும் சட்டப்படி அது கிராமம்தான், பிரஷ்யாவுலயே பெரிய கிராமம்னு பேரு. 1910ல 2 லட்சத்து 37 ஆயிரம்.

கூலி வேலக்காரங்க ஊரு, சாராயக்கடை, டான்ஸ் ஹால், சனிக்கெழம ராத்திரி சத்தம், பெர்லின்காரங்க ரிக்ஸ்டோர்ஃப்னு சொன்னாலே ஒரு மாதிரி சிரிப்பாங்க, கேலியா பாட்டே இருந்துச்சு. நகர நிர்வாகத்துக்கு பெரிய கவலை, வசதியான ஆளுங்க குடிவர மாட்டேங்குறாங்க, வரி வரல. என்ன செஞ்சாங்கன்னா ஊரு பேரையே மாத்திட்டாங்க. 1912 ஜனவரி 27, கைசர், அதாவது ஜெர்மன் பேரரசரோட பிறந்தநாள் அன்னைக்கு அவரோட அனுமதியோட ரிக்ஸ்டோர்ஃப் போயி நோய்கோல்ன் ஆச்சு, ரயில்வே ஸ்டேஷன் பேரு கூட மாறிடுச்சு. எனக்கு இத நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. ஏழைங்க இருக்குற வீட்டுக்கு வெளிச்சமும் காத்தும் குடுக்குறதுதான் வேலை, 550 வருஷ பேரு என்ன தப்பு பண்ணுச்சு?

அதே 1912ல இன்னொண்ணு நடந்துச்சு. பொஹீமிய குடும்பங்களோட வாரிசுங்க தாத்தன் பூட்டன் வந்து 175 வருஷம் ஆச்சுன்னு சொல்லி கிர்ஷ்காஸ தெருவுல, அவங்கள குடிவச்ச ராஜா ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு சிலை வச்சாங்க, இங்க ஏத்துக்கப்பட்ட பொஹீமியர்களோட நன்றியுள்ள வாரிசுகள்னு கீழ எழுதினாங்க. நகரசபை பழச மறைக்க பாத்த வருஷத்துலயே அகதியா வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க பழச கல்லுல எழுதினாங்க, ரெண்டுல யாரு அந்த ஊர நெசமா நேசிச்சாங்கன்னு எனக்கு சந்தேகமே இல்ல.

மிச்சத்த சுருக்கமா சொல்லிடுறேன். 1920 ஏப்ரல்ல பிரஷ்யா சட்டசபையில பெரு பெர்லின் சட்டம் நெறைவேறுச்சு, அக்டோபர் 1ம் தேதி அமலுக்கு வந்துச்சு. பெர்லினோட நோய்கோல்ன் உட்பட 7 நகரம், 59 கிராமம், 27 பண்ணை எஸ்டேட் சேர்ந்துச்சு, ஜனத்தொகை 19 லட்சத்துல இருந்து 38 லட்சம், பரப்பு 66 சதுர கிலோமீட்டர்ல இருந்து 878. மேற்குல பணக்கார புறநகரங்க எதிர்த்தாங்க, அவங்க வரிப்பணம் கிழக்குல இருக்குற தொழிலாளி ஊருக்கு போயிடும்னு. என்ன கேட்டா அது போக வேண்டிய பணம்தான், ஏன்னா அவங்க ஃபாக்டரில உழைச்சவங்க குடியிருந்தது நோய்கோல்ன் மாதிரி ஊர்லதான். அதனால பேர மாத்தினது தப்புன்னு சொல்ற நானே பெர்லினோட சேர்த்தது சரின்னுதான் சொல்லுவேன்.

அந்த 59 கிராமத்துல பிரிட்ஸ்னு ஒண்ணு, ரிக்ஸ்டோர்ஃபுக்கு பக்கத்து ஊரு, அதுவும் இப்போ நோய்கோல்ன் மாவட்டம்தான். அங்கதான் இலங்கைத் தமிழர்கள் கட்டின மயூரபதி முருகன் கோயில் இருக்கு, 2013ல கும்பாபிஷேகம் நடந்துச்சு.

பெர்லின் போறவங்க கோயிலுக்கு போயிட்டு அப்படியே யூ 7 ரயில்ல கார்ல்-மார்க்ஸ்-ஸ்ட்ராஸ ஸ்டேஷன்ல எறங்குங்க, ரிஷார்ட்பிளாட்ஸ் நடக்குற தூரம்தான். பொஹீமியர்களோட பழைய பள்ளிக்கூடம் கிர்ஷ்காஸ தெருவுல இருக்கு, இப்போ அதுக்குள்ள சின்ன மியூசியம், 1751ல போட்ட கல்லறைத் தோட்டமும் பக்கத்துலதான். அதுல சகோதரர் சபை பகுதியில பணக்காரன் ஏழைன்னு வித்தியாசம் தெரியாம எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டையான கல்லு, பழைய கல்லுல செக் மொழி எழுத்து இன்னும் படிக்க முடியுது. மியூசியம் தெனமும் தொறந்திருக்காது, நேரம் பாத்துட்டு போங்க.