ஊதியவர் ஒருவர், எண்கள் இரண்டு

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம். முட்டு வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர், சென்ற மாதம் என்னிடம் பரிசோதனைக்கு வந்தபோது மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று அளக்கும் தம் வீட்டுப் பீக் ஃபுளோ மீற்றரையும் கொண்டுவந்திருந்தார். அதில் ஊதினால் நிமிடத்துக்கு 420 லீற்றர். எங்கள் மேசையிலிருந்த மீற்றரில் 370. நோய் முற்றிவிட்டதோ என்று அவர் முகம் வாடியது. அந்த ஐந்து நிமிடத்தில் அவரது நுரையீரல் மாறியிருக்க முடியாது, கருவிதான் மாறியிருந்தது.

இரு கருவிகளின் அளவீடுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அவை ஒத்துப்போகின்றன என்று எண்ணிவிடுகிறோம். 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் புள்ளிவிபரவியலாளர் இருவர், பீக் ஃபுளோ மீற்றர் வகைகளான பெரிய ரைட் மீற்றரிலும் சிறிய மினி ரைட் மீற்றரிலும் 17 பேர் ஊதிய அளவீடுகளைக் கொண்டே அந்த எண்ணம் தவறென்று லான்செட் சஞ்சிகையில் காட்டினர். இரு அளவீடுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் 0.94 (முழுமையாகச் சேர்ந்தால் 1), சராசரி வேறுபாடு ஏறக்குறைய 2 லீற்றர். இவ்வளவோடு நிறுத்தினால் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பயன்படுத்தலாம் என்றே தோன்றும். ஆயினும் தனியொருவரை எடுத்துக்கொண்டால், ஒரு கருவி மற்றதைவிட 80 லீற்றர் அளவுக்குக் கூடவோ குறையவோ காட்டக்கூடும் என்பது தெரியவந்தது. 400 ஊதும் ஒருவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. மருந்தின் அளவையே மாற்றிவிடக்கூடிய வேறுபாடு.

ஊதும் காற்றின் கனவளவை அளக்கும் ஸ்பைரோமீற்றரை நான் கூடுதலாக நம்புவதற்குக் காரணம், அதனை நாள்தோறும் 3 லீற்றர் காற்றைச் செலுத்தும் சிரிஞ்சினால் சரிபார்க்க முடிவதே. காட்டும் அளவு 3 வீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. ஊதுபவரின் மிகச் சிறந்த இரு அளவுகளும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்திருக்கவும் வேண்டும்.

நம்மூர் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உடலுக்குள் 37 பாகையில் இருந்த காற்று வெளியே வந்து குளிர்ந்து சுருங்குவதால், கனவளவை நேரடியாக அளக்கும் கருவிகளில் ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறோம்: அறை வெப்பம் 20 பாகையாயின் 1.102, 30 பாகையாயின் 1.045. கச்சான் வீசும் பகலொன்றில் கருவிக்குள் 20 என்றே பதிந்திருந்தால், அன்று ஊதும் எல்லோருக்கும் ஏறக்குறைய 5 வீதம் கூடுதலாகவே விடை வரும். ஆகவேதான் பரிசோதனை அறையில் வெப்பமானியைப் பார்க்காமல் நான் எவரையும் ஊதச் சொல்வதில்லை.

கிண்ணியா அன்பரிடம், வீட்டு மீற்றரிலேயே காலையும் மாலையும் மும்முறை ஊதி, உயர்ந்த அளவைக் கொப்பியில் குறித்து, அடுத்த கிளினிக்குக்கு மீற்றரையும் கொப்பியையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டேன்.