நகையை அடகு வச்ச புரட்சி அரசு

வணக்கம் மக்களே. பின்னாடி குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க, பருப்பு வேகுது. இன்னைக்கு ஒரு அடகுக் கதை. வச்சது சோவியத் ரஷ்யா, வாங்கிக்கிட்டது அயர்லாந்து.

1920, அமெரிக்கா. அங்க ரெண்டு அரசாங்கத்தோட ஆளுங்க இருக்காங்க, ரெண்டு அரசாங்கத்தையுமே அமெரிக்கா ஒத்துக்கல. ஒண்ணு, 1919 ஜனவரியில டப்ளின்ல பாராளுமன்றத்தைக் கூட்டி ‘இனி பிரிட்டன் கீழ இல்ல, நாங்க தனி நாடு’ன்னு அறிவிச்ச ஐரிஷ்காரங்க. அவங்க தலைவர் டி வலேரா ஊர் ஊரா மேடையேறி ஆதரவு கேட்டுக்கிட்டிருக்கார். இன்னொண்ணு, லெனின் அரசு சார்பா நியூயார்க்ல ஆபீஸ் போட்ட லுட்விக் மார்ட்டென்ஸ்.

ஐரிஷ்காரங்களுக்கு அங்கீகாரம்தான் இல்ல, காசு இருந்துச்சு. கடன் பத்திரம் வித்தே 50 லட்சம் டாலருக்கு மேல சேர்த்துட்டாங்க. மார்ட்டென்ஸ்கிட்ட ரெண்டும் இல்ல. அதனால டி வலேராவோட ஆள் ஹாரி போலண்ட் அவருக்கு 20,000 டாலர் கைமாத்து கொடுத்தார். ஈடா வந்தது, ஜார் காலத்து அரச நகைன்னு சொல்லப்பட்ட சில நகைங்க. ஜாரைத் தூக்கிப் போட்டவங்க ஜார் நகையை வச்சு செலவுக்குப் பணம் வாங்குறாங்க, பாருங்க!

அதே வருஷம் நட்பு ஒப்பந்தத்துக்கு ஒரு வரைவும் எழுதினாங்க. நீ என்னை அரசாங்கம்னு ஒத்துக்கோ, நானும் உன்னை ஒத்துக்குறேன். உனக்கு எதிரா போற ஆயுதத்தை என் மண்ணு வழியா விடமாட்டேன். இதெல்லாம் சரி. ஆனா இன்னொரு பிரிவு இருக்கு, படிச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்: ரஷ்யாவுல இருக்கிற கத்தோலிக்க சபையோட நலனைப் பார்த்துக்கிற பொறுப்பு ஐரிஷ் பிரதிநிதிக்காம். கடவுளே இல்லைங்கிற கட்சிகிட்ட இதை எழுதி வாங்கப் பார்த்த துணிச்சல் எனக்குப் பிடிச்சிருக்கு.

கையெழுத்து வாங்க ஐரிஷ் பிரதிநிதி பேட்ரிக் மெக்கார்ட்டன் 1921 பிப்ரவரியில மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். ஆனா லெனின் அரசு அப்பவே லண்டன் கூட வியாபாரப் பேச்சுல இருந்துச்சு. மார்ச் 16, பிரிட்டனோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு எதிரா பிரச்சாரம் பண்ணக்கூடாதுன்னு அதுல நிபந்தனை. நம்ம இந்தியா பேரையே குறிப்பிட்டு எழுதியிருக்காங்க. அப்புறம் எங்க அயர்லாந்தைத் தொடுறது?

அதே மார்ச் 16, மாஸ்கோவுல இன்னொரு கையெழுத்து. அங்காராவுல முஸ்தபா கெமால் நடத்தின புரட்சி அரசோட நட்பு ஒப்பந்தம். எல்லையில இருக்கிற கார்ஸ், அர்தகான் ஊருங்க துருக்கிக்கு. பதூமி துறைமுகம் ஜார்ஜியாவுக்கு. துருக்கி ரஷ்யாவோட வாசல்ல இருக்கு, அதனால தங்கமும் துப்பாக்கியும் ரஷ்யாவுலேருந்து அங்க போச்சு. அயர்லாந்து இருந்தது பிரிட்டனோட கொல்லைப்புறத்துல. என் கணக்குல வித்தியாசம் அவ்வளவுதான்.

லண்டன் சும்மா இருக்குமா? ஜூன்ல அந்த ஐரிஷ் வரைவை அச்சடிச்சு ஊருக்கே காட்டிருச்சு.

நகை என்னாச்சுன்னு கேப்பீங்க. போலண்ட் அதை டப்ளினுக்குக் கொண்டுபோய் அம்மாகிட்ட கொடுத்தார். 1922-ல அயர்லாந்து உள்நாட்டுப் போர்ல போலண்ட் சுடப்பட்டு இறந்துட்டார். அந்தம்மா நகையைப் பத்திரமா வச்சிருந்து, 1938-ல டி வலேரா அரசுகிட்ட ஒப்படைச்சாங்க. அரசாங்கம் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டு மறந்தே போச்சு! 1948-ல ஆட்சி மாறினப்புறம்தான் ஞாபகம் வந்து, லண்டன்ல ஏலம் விடலாமான்னு யோசிச்சாங்க. கடைசியில 1950-ல நகை மாஸ்கோவுக்கே திரும்பிருச்சு. மீட்ட தொகை அதே 20,000 டாலர், 30 வருஷத்துக்கு ஒரு பைசா வட்டி இல்லாம.

நாலாவது விசில். அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்.