எலெக்ட்ரோஜெக்டர்ல இருந்து ஜெட்ரானிக் வரைக்கும்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், கடைய பூட்டிட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்கற மெக்கானிக் அண்ணன்மாருக்கும், பாலிடெக்னிக்ல இருந்து வந்திருக்கற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

எஃப்ஐ, அதாவது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டின்னாலே ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னு நமக்கு ஒரு நெனப்பு இருக்கு. தப்பு சொல்ல முடியாது, நம்ம ஊர்ல 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகுதான் பெரும்பாலான பைக்ல, காத்துல பெட்ரோல கலந்து விடற கார்புரேட்டர் நின்னுச்சு. ஆனா இன்ஜினுக்கு காத்து போற குழாயான மேனிஃபோல்டுல இருக்கற அழுத்தத்தை சென்சார் வச்சு அளந்து, ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி கணக்கு போட்டு, பெட்ரோல் அடிக்கற இன்ஜெக்டர எவ்ளோ நேரம் திறக்கணும்னு முடிவு பண்ற அந்த வேலை இருக்கு பாருங்க, அது 1956 டிசம்பர்லயே அமெரிக்கா பத்திரிகைகள்ல செய்தியா வந்தாச்சு. செஞ்சது பெண்டிக்ஸ் கம்பெனி. சிஸ்டத்துக்கு பேர் எலெக்ட்ரோஜெக்டர். அதை வடிவமைச்ச இன்ஜினியர் ராபர்ட் சட்டன், 1957 பிப்ரவரில பேடண்டுக்கு மனு போட்டார், 1961ல கிடைச்சுது. இந்த பேரை இங்க எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீங்கன்னு தெரியல, ஆனா நம்ம எல்லாரும் இன்னிக்கு இவர் போட்ட சோத்ததான் சாப்பிடறோம், நான் மனசார சொல்றேன்.

இன்ஜெக்‌ஷனே அதுக்கு முன்னாடி இல்லையான்னா, இருந்துச்சு. 1954ல மெர்சிடிஸ் 300 எஸ்எல் வந்துச்சு, பாஷ் செஞ்ச மெக்கானிக்கல் பம்ப் வச்சு சிலிண்டருக்குள்ளயே நேரா பெட்ரோல் அடிச்ச வண்டி. 1957ல செவ்ரோலெட் கார்வெட்ல ராச்செஸ்டர் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு, அதுவும் மெக்கானிக்கல்தான். அருமையான வேலைப்பாடு, ஆனா விலை ஜாஸ்தி, செட்டிங் கெட்டுப்போனா கை வைக்க ஆளும் கிடைக்காது. சட்டன் யோசிச்ச வழியே வேற. பெட்ரோல் அளவை பம்ப் அளக்க வேணாம், நேரம் அளக்கட்டும்.

இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. இதோ மேசையில ஒரு இன்ஜெக்டர் வச்சிருக்கேன், பழைய காரோடது, நீளவாக்குல அறுத்து வச்சது, கூட்டம் முடிஞ்சதும் வந்து கைல எடுத்து பாருங்க. உள்ள ஒரு காயில், ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், அவ்ளோதான். கரண்ட் போனா ஊசி மேல தூக்கும், தூக்கற தூரம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், கரண்ட் நின்னா ஸ்பிரிங் ஊசியை உக்கார வச்சுடும். பின்னாடி லைன்ல பெட்ரோல் எப்பவும் ஒரே பிரஷர்ல நிக்குது, எலெக்ட்ரோஜெக்டர்ல அது 20 பிஎஸ்ஐ. ஓட்டையும் மாறாது பிரஷரும் மாறாதுன்னா, எவ்ளோ நேரம் திறந்திருக்கோ அவ்ளோ பெட்ரோல், வேற கணக்கே கிடையாது. ஐடிலிங்ல ரெண்டு மில்லி செகண்ட், ஃபுல் லோடுல எட்டு பத்துன்னு வச்சுக்கோங்க. பெட்ரோல் அளக்கற பிரச்சினைய அப்படியே நேரம் அளக்கற பிரச்சினையா மாத்திட்டார் மனுஷன், நேரம் அளக்கறது எலெக்ட்ரானிக்ஸுக்கு கைவந்த கலை.

கார்புரேட்டர்ல என்ன குறை, நல்லாத்தானே ஓடிச்சுன்னு பெரியவங்க கேப்பீங்க. நல்ல கார்புரேட்டர் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா அது காத்து வேகத்துல தானா உறிஞ்சற சாதனம், மேனிஃபோல்டுல போற வழியிலயே பெட்ரோல் சுவத்துல ஒட்டிக்கும், குளிர்ல இன்னும் மோசம், பக்கத்துல இருக்கற சிலிண்டருக்கு ரிச்சா, அதாவது பெட்ரோல் ஜாஸ்தியா போகும், கடைசில இருக்கறதுக்கு லீனா, அதாவது கம்மியா போகும், மலை ஏறுனா காத்து கம்மியாயிடும் ஆனா பெட்ரோல் வர்ற துளையான ஜெட் அதே ஜெட். எட்டு சிலிண்டருக்கும் எட்டு இன்ஜெக்டர் வச்சு வால்வு பக்கத்துலயே அடிச்சா இதெல்லாம் ஒரே அடியா போயிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். அமெரிக்கன் மோட்டார்ஸ் 1957ல ராம்ப்ளர் ரெபல்னு ஒரு வண்டி விட்டாங்க, 327 கியூபிக் இன்ச் வி8 இன்ஜின். கார்புரேட்டர் வச்சா 255 ஹார்ஸ்பவர், எலெக்ட்ரோஜெக்டர் வச்சா 288, விலை 395 டாலர் கூடன்னு அறிவிச்சாங்க. அறிவிச்சதோட சரி. வெயில்ல நல்லா ஓடிச்சு, குளிர்ல ஸ்டார்ட் ஆக மாட்டேன்னுச்சு. சோதனை வண்டிகளோட நின்னுபோச்சு, பொதுமக்கள் ஒருத்தர் கைக்கும் போகல.

அடுத்த வருஷம் கிறைஸ்லர் குரூப் துணிஞ்சு எடுத்தாங்க. 1958 மாடல்ல கிறைஸ்லர் 300 டி, டிசோட்டோ அட்வென்ச்சரர், டாட்ஜ் டி 500, பிளிமத் ஃபியூரி. எல்லாம் சேத்து சுமார் 35 வண்டி. அதுல பெரும்பாலானதை திரும்ப வாங்கி, சிஸ்டத்த கழட்டிட்டு நாலு பேரல் கார்புரேட்டர போட்டு குடுத்துட்டாங்க.

ஏன் தோத்துச்சு? இங்கதான் பல பேர் அவசரப்பட்டு ஐடியாவே சரியில்லன்னு எழுதிடறாங்க, எனக்கு அதுல கோவமே வரும். ஐடியா சரி. பார்ட்ஸ்தான் ஈடு குடுக்கல. அந்த பெட்டியில இருந்தது மெழுகு தடவின பேப்பர் சுத்தின கெபாசிட்டர், வீட்டு ரேடியோல போடற ரகம். அத கொண்டுபோய் காருக்குள்ள வச்சா சூடு, ஈரம், அதிர்வு மூணும் சேந்து அடிக்குது. இந்த மாதிரி சர்க்யூட்ல நேரத்தை தீர்மானிக்கறது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்தான், கெபாசிட்டர் ஈரம் உறிஞ்சி வேல்யூ மாறிட்டா மூணு மில்லி செகண்ட் திறக்க வேண்டிய இன்ஜெக்டர் நாலு திறக்கும், வண்டி கரும்புகை கக்கும், பிளக் கருகும், வாடிக்கையாளர் கார்புரேட்டரே போதும்பான்னு சொல்லிடுவார். டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்சதே 1947 கடைசில, பத்து வருஷத்துல அத பானட்டுக்கு பக்கத்துல கொண்டாந்தா அது என்ன செய்யும் பாவம். மைக்ரோபிராசஸர்லாம் 1971லதான் வருது, இவங்க பண்ணது முழுக்க அனலாக்.

இந்த பேடண்ட் எல்லாம் அப்புறம் ஜெர்மனில பாஷ் கம்பெனி கைக்கு போச்சு. அவங்க அவசரப்படல, ஆனா ஒரு பக்கம் அமெரிக்காவுல வேற ஒரு நெருக்கடி கிளம்பிச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல கண்ணு எரியற அளவுக்கு புகைமூட்டம், அது வண்டில இருந்து வர்ற எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல வினை புரிஞ்சு உண்டாகுதுன்னு கால்டெக்ல ஹாகன் ஸ்மிட்னு ஒரு விஞ்ஞானி 1950கள் தொடக்கத்துலயே காட்டிட்டார். கடைசில 1968 மாடல்ல இருந்து நாடு முழுக்க புகைக்கு வரம்புன்னு சட்டம். வோக்ஸ்வேகனுக்கு அமெரிக்கா பெரிய மார்க்கெட், பின்னாடி இன்ஜின் வச்ச அவங்க 1600 வண்டில ரெண்டு கார்புரேட்டர், ரெண்டையும் ஒண்ணா ட்யூன் பண்ணி வச்சிருக்கறதே ஒரு வேலை. ஆக 1967ல பாஷோட டி ஜெட்ரானிக்ங்கற எலெக்ட்ரானிக் சிஸ்டம் அந்த வண்டில ஏறுச்சு. பெருவாரியா தயாரிச்ச காருல ஓடி ஜெயிச்ச முதல் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் இதுதான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த பிரஷர் சென்சார். ஒரு டப்பா, உள்ள காத்த உறிஞ்சி அடைச்ச மெல்லிய உலோக கேப்சூல், மேனிஃபோல்டு அழுத்தம் மாறினா அது விரியும் சுருங்கும். அதோட ஒரு இரும்பு கோர் சேந்து நகரும், சுத்தி காயில். கோர் நகர்ந்தா காயிலோட இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறறத காயில் எதிர்க்கற அளவு, மாறும், அந்த இண்டக்டன்ஸ்தான் பல்ஸ் எவ்ளோ நேரம் நீளணும்னு நேரடியா தீர்மானிக்குது. அதாவது நேரக் கணக்கோட முக்கிய பொறுப்ப தாமிரத்துக்கிட்டயும் இரும்புக்கிட்டயும் குடுத்தாங்க. தேய்ஞ்சு போற காண்டாக்ட் எதுவும் அந்த டப்பாவுக்குள்ள கிடையாது. எலெக்ட்ரோஜெக்டர் எங்க அடி வாங்குச்சோ அங்கயே மருந்து போட்ட மாதிரி எனக்கு படுது. மத்தபடி அமைப்பு பாத்தா சட்டன் போட்ட கோலம்தான், லைன்ல ஒரே பிரஷர், இப்ப சுமார் 2 பார், சோலனாய்டு இன்ஜெக்டர், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில எப்ப அடிக்கணும்னு சொல்ற டிரிகர் காண்டாக்ட், அந்த காண்டாக்ட் மட்டும் தேயும், அது உண்மை.

அதுக்கு பிறகு வேகம் பிடிச்சுச்சு. வோல்வோ, சாப், மெர்சிடிஸ், சிட்ரோயன்னு வரிசையா எடுத்தாங்க. 1974ல எல் ஜெட்ரானிக், அழுத்தத்துக்கு பதிலா, காத்து தள்ளற ஒரு மடல வச்சு காத்தையே அளக்கறது. பெண்டிக்ஸும் சும்மா இருக்கல, 1970கள் நடுவுல கேடிலாக் செவில்ல அவங்க சிஸ்டம் வந்துச்சு, தோத்த கம்பெனி திரும்பி வந்து நின்னத நெனச்சா சந்தோஷமா இருக்கு.

ஆனா கார்புரேட்டருக்கு நெஜமா கதவ சாத்தினது 1976ல வோல்வோல வந்த லாம்டா சென்சார். சைலன்சருக்கு போற புகையில இருக்கற ஆக்சிஜன பாத்து ரிச்சா லீனான்னு பெட்டிக்கு சொல்லும், பெட்டி உடனே நேரத்தை கூட்டும் குறைக்கும். புகைய சுத்தம் பண்ற மூணு வழி கேட்டலிஸ்ட் ஒழுங்கா வேலை செய்ய காத்து 14.7க்கு பெட்ரோல் 1ங்கற விகிதத்த ஒட்டியே நிக்கணும், சாதாரண கார்புரேட்டரால அந்த துல்லியத்துல நிக்க முடியாது. 1979ல பிஎம்டபிள்யூ 732i கார்ல பாஷோட மோட்ரானிக் வந்து இக்னிஷனும் இன்ஜெக்‌ஷனும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள்ள போச்சு.

தம்பிகளா, நாளைக்கு ஸ்கேனர மாட்டி ஒரு எஃப்ஐ வண்டிய பாக்கறப்ப, இன்ஜெக்டர் பல்ஸ்னு மில்லி செகண்ட்ல ஒரு நம்பர் ஓடும், அத முதல்ல பாருங்க, எரர் கோடு எல்லாம் அப்புறம். இன்ஜின் சூடாக சூடாக அந்த நம்பர் எப்படி இறங்குது, ஆக்சிலரேட்டர் குடுத்தா எப்படி ஏறுதுன்னு நல்ல வண்டியிலயே பாத்து மனசுல ஏத்திக்கோங்க, கோளாறு வண்டி வந்தா கண்ணுக்கே தெரிஞ்சுடும். இன்ஜெக்டர் இங்க மேசையில இருக்கு, ஊசி சின்னது, கீழ விழுந்துடாம பாத்து எடுங்க. கேள்வி இருக்கறவங்க மைக் பக்கம் வாங்க.