அத்தை கேட்ட கேள்வி

(தலைப்பு: ‘அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் முன்னுரிமை விண்வெளிப் பயணத்துக்கா, பூமி அறிவியலுக்கா?’ – ‘பூமி அறிவியலுக்கே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலையை நினைவுபடுத்தினார். சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய மாலை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். விழுப்புரத்திலிருந்து போன வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தின் இயக்குநர் என்பதில் எதிரணிக்கு எவ்வளவு பெருமையோ, அவ்வளவு எனக்கும் உண்டு. ஆனால் அதே ஆண்டில் இன்னொரு தேதி இருக்கிறது. டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள்.

என் அத்தை ஏரலில் இருக்கிறார். தாமிரபரணிக் கரை. அன்று விடியற்காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவர் மழையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மழை நிற்கவில்லை. மறுநாள் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு நாள் மாடியில் இருந்தார்கள். கீழே நெல், துணிமணி, மாமாவின் மருந்துச் சீட்டு எல்லாம் தண்ணீரில். அதே நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது.

எச்சரிக்கை வந்ததா? வந்தது. சிவப்பு எச்சரிக்கையே வந்தது. ‘அதிகனமழை’ என்றார்கள். நடுவர் அவர்களே, அந்தச் சொல்லைத்தான் நான் இங்கே விளக்க வேண்டும். ஒரு நாளில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. அதற்கு மேலே படி கிடையாது. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதிகனமழை, 95 பெய்தாலும் அதிகனமழை. 21 என்றால் அத்தை நெல் மூட்டையைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவிட்டுப் படுத்திருப்பார். 95 என்று தெரிந்திருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறியிருப்பார். தண்ணீர் வடிந்த பிறகு அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “எய்யா, மழ வரும்னுதான் சொன்னாவ. எவ்வளவு வரும்னு ஒருத்தரும் சொல்லலியே.”

எச்சரிக்கை கொடுத்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கையில் இருந்த கருவியை வைத்துச் சொல்ல முடிந்ததைச் சொன்னார்கள். அந்தக் கருவிகளின் நிலைமையைப் பாருங்கள். மேகத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று நிமிடக் கணக்கில் காட்டுவது டாப்ளர் ரேடார். அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அது ஒன்றுகூட இல்லை. காரைக்காலில் இருந்தது, அங்கிருந்து காயல்பட்டினம் 300 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டையல்லவா, தூரம் போகப் போக ரேடாரின் கதிர் தரையை விட்டு உயர்ந்துவிடும். அடிமட்டத்தில் கொட்டுவது அதற்குப் படாது. திருவனந்தபுரத்து ரேடார் பக்கம்தான், ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கணினிக் கணிப்பு இருந்ததே என்பீர்கள். அப்போது வானிலையைக் கணிக்கும் நம் உலகளாவிய கணினி மாதிரி பூமியை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டது. காயல்பட்டினம் ஊர் முழுவதும் அதில் ஒரே கட்டம். 2025 மே மாதம் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் அதை 6 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். பணமும் ஆளும் கொடுத்தால் இந்த அறிவியல் நகரும் என்பதற்கு இதுவே சாட்சி.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு வலுவான கேள்வி கேட்டார். “செயற்கைக்கோள் இல்லாமல் புயலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதை யார் கொடுத்தது? விண்வெளி ஆராய்ச்சிதானே?” என்றார். சகோதரி, பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் எங்கள் அணி. வானிலையைப் பார்க்கும் இன்சாட் செயற்கைக்கோள் வரிசை எங்கள் அணி. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நிலம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்தாலும் அளக்குமே, அதுவும் எங்கள் அணி. வழக்கு ராக்கெட்டைப் பற்றியது இல்லை. ராக்கெட்டில் ஏறிய கருவி எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்பதுதான் வழக்கு.

நம் விண்வெளித் திட்டம் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1963 நவம்பர் 21. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமம். ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அதற்கு மிக அருகில் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வளிமண்டலத்தின் உயர் அடுக்கில் ஓடும் மின்னோட்டத்தையும் காற்றையும் படிக்கத்தான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். முதல் ராக்கெட் சுமந்து போனது சோடியம் ஆவி. மாலை வானத்தில் அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துக் காற்றை அளந்தார்கள். அந்த முதல் நாள் வேலை பூமி அறிவியல்! விக்ரம் சாராபாய் வெளிப்படையாகவே சொன்னார்: நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலோ மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கனவு நமக்கில்லை, மனிதரின், சமூகத்தின் உண்மையான பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் இளைத்தவர்களாக இருக்கக் கூடாது. இது எங்கள் அணி எழுதிய வசனம் இல்லை, அந்த வீட்டைக் கட்டியவரின் சொல்.

அதோடு, மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் தலையை, கடலின் தோலை. புயலுக்குத் தீனி போடும் வெப்பம் அந்தத் தோலுக்கு அடியில் பல பத்து மீட்டர் ஆழம் வரை கிடக்கிறது. அதை அளக்க மிதவை வேண்டும். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் போய் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொண்டு மேலே வருகின்றன. யாரும் அவற்றுக்குக் கைதட்டியதில்லை.

கைதட்டல் கிடைக்காத வேலை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். அண்டார்டிகாவில் ஹாலி என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையம். 1957 முதல் அங்கே தரையில் ஒரு கருவியை வைத்து, தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு என்று வருடா வருடம் குறித்துவந்தார்கள். குளிரில் நின்று ஒரே அளவை மறுபடி மறுபடி எழுதும் வேலை. 1980களில் அந்த எண்கள் சரியத் தொடங்கின. மேலே அமெரிக்கச் செயற்கைக்கோளும் ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவ்வளவு குறைந்த அளவுகள் சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டிருந்தன. தரையில் நின்ற ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரண்டு சகாக்களும் 1985இல் உலகத்துக்கு முதலில் அறிவித்தார்கள், ஓசோன் அடுக்கில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று. இரண்டே ஆண்டில், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம். இடையில் ஒரு வருடம் யாரோ ஒருவர் “இதை அளந்து என்ன ஆகப்போகிறது, பணத்தை நிறுத்து” என்றிருந்தால்? நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். விண்வெளித் துறையின் மொத்த ஒதுக்கீட்டையும் புவி அறிவியல் அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டையும் பக்கத்தில் வைத்துப் பேச நான் விரும்பவில்லை. முதல் கணக்கில் பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன, அது நியாயமாகாது. ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் மிஷன் மௌசம் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ரேடார், கணினி, மாதிரி எல்லாம் அதற்குள். ஏழு நாள் கழித்து, 18ஆம் தேதி, ஒரே நாளில்: சந்திரயான்-4க்கு 2,104 கோடி. வெள்ளிக் கோளுக்கு 1,236 கோடி. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மொத்தம் 20,193 கோடியாக உயர்ந்தது. ககன்யான் பல ஆண்டுத் திட்டம், ஒரே வருடச் செலவில்லை என்று எதிரணி சொல்லும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும், 140 கோடிப் பேர் தலைக்கு மேலே இருக்கும் வானத்துக்கு ஒதுக்கிய தொகை, நிலவிலிருந்து மண் எடுத்துவரும் ஒரே ஒரு பயணத்தின் தொகையைத் தொடவில்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். அதை நம் விஞ்ஞானிகள் மேல் எறிய மாட்டேன். அவர்கள் வானம் ஏறிக் காட்டிவிட்டார்கள். அந்தத் திறமை நிரூபணமான ஒன்று. அதனால்தான் கேட்கிறேன், அதே கைகளைக் கூரைக்கும் அனுப்புங்கள் என்று.

அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை ஒடிசா காட்டியது. 1999 அக்டோபர் பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே மாநிலத்துக் கரைக்கு பைலின் புயல் வந்தது. முன்கூட்டியே தெரிந்தது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. பத்தாயிரம் எங்கே, இது எங்கே!

தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்று நாகப்பட்டினத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு முன்பே சுமத்ராவில் பூமி குலுங்கிவிட்டது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் உயிர். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007இல்.

“நிலவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அறிவியலுக்கு வருகிறார்கள்” என்றார் எதிரணியின் தம்பி. வரட்டும். ஆனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா என்ற நீர்மூழ்கியைச் செய்துகொண்டிருக்கிறது. அதைக் கூட்டிப்போய்க் காட்டினால் எந்தப் பிள்ளைக்குக் கண் விரியாது?

காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர் வழியாகத் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே புது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், எங்கள் மாவட்டம் வாழட்டும். அங்கிருந்து கிளம்பும் முதல் செயற்கைக்கோள்கள் எங்கள் மேகத்தையும் எங்கள் கடலையும் பார்க்கட்டும், அவை சொல்வதைச் சரிபார்க்கக் கீழே ஒரு ரேடார் நிற்கட்டும்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். ஐப்பசி பிறக்கும் முன்பே அரிசி, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் மாடி அறைக்கு ஏறியாகிவிட்டது. சுவரெல்லாம் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். மாடிப்படி ஓரத்தில் மட்டும் அன்று தண்ணீர் எட்டிய பழுப்புக் கோட்டை அழிக்க விடவில்லை. கீழிருந்து ஒன்பதாவது படி. அதைக் காட்டிவிட்டு அத்தை என்னிடம் கேட்டார்: “இந்த வருசம் எத்தன படி வரும்னு யார்ட்டயாவது கேட்டுச் சொல்லுய்யா.”

நான் யாரிடம் கேட்பது, நடுவர் அவர்களே? நன்றி, வணக்கம்.