தூரம் கணக்கில்ல, நேரா விழணும்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்து மலைநாட்டோட பாரம்பரிய விளையாட்டு விழாவான ஹைலேண்ட் கேம்ஸ்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஒரே படம்தான், கில்ட்ங்கற மடிப்பு வச்ச பாவாடை மாதிரி உடை கட்டின ஆஜானுபாகுவான ஒரு ஆளு முழு மரத்தையே தூக்கி எறியறது. நான் அங்கேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதைத்தான் நாம தப்பா புரிஞ்சு வச்சிருக்கோம்.

அந்த மரத்துக்கு கேபர்னு பேரு. ஸ்காட்லாந்துல பிரேமார்ங்கற ஊர்ல பேர்போன கேபர் ஒண்ணு இருக்கு, நீளம் 19 அடி 9 அங்குலம், எடை 132 பவுண்டு, அதாவது 60 கிலோ. அறுபது கிலோ அரிசி மூட்டைய தூக்கிடலாமேன்னு தோணும், ஆனா மூட்டை ஆடாது, இது தலைக்கு மேல பனைமரம் மாதிரி ஆடும். கூட இருக்கறவங்க ஒல்லி முனை கீழ வர்ற மாதிரி நிமிர்த்திக் கொடுப்பாங்க, இவரு குனிஞ்சு ரெண்டு கையையும் கோத்து அந்த முனைக்கு அடியில கொடுத்து, மரத்தை தோள்ல சாச்சுக்கிட்டு எந்திரிப்பாரு. எந்திரிச்சதும் எறிஞ்சிட மாட்டாரு, மரம் அடங்கணும். அப்புறம் ஒரு ஓட்டம், சட்டுனு ஒரு நிறுத்தம், ஒரே உந்து. தடிச்ச தலைப்பக்கம் தரையில குத்தி, கையில இருந்த முனை மேல எழும்பி அந்தப் பக்கம் கவுந்து விழணும். எவ்வளவு தூரம் போச்சுன்னு யாரும் டேப் வச்சு அளக்கறதே இல்லங்க. ஓடின திசைக்கு நேரா, கடிகாரத்துல 12 மணி முள்ளு மாதிரி கிடக்கணும், நடுவர் பின்னாடியே வந்து அதைத்தான் பாக்கறாரு. பலம் எவ்வளவு இருந்தாலும் பக்குவம் இல்லைன்னா மரம் பக்கவாட்டுல சரிஞ்சிடும். எனக்கு இந்த விளையாட்டு மேல மரியாதை வந்ததே இந்த ஒரு விதியாலதான்.

மத்த போட்டிங்களும் இப்படித்தான், ஊருக்குள்ள கிடந்த சாமான்லேருந்து வந்தது. ஆத்துக் கல்லு, மரக்காம்பு போட்ட சுத்தியல். கிளாக் குட் ஃபிர்னு ஒரு கல் உண்டு, ஆம்பளைன்னு நிரூபிக்கற கல்லுன்னு அர்த்தம், நம்ம இளவட்டக்கல்னு வச்சுக்கோங்களேன். டொனால்ட் டின்னின்னு ஒருத்தர், 1837-ல பிறந்தவரு, ஸ்காட்லாந்துல பொட்டார்ச்ங்கற இடத்துல பாலத்துக்கிட்ட கிடந்த ரெண்டு கல்ல, சேத்து 733 பவுண்டு, 1860-ல வெறும் கையால தூக்கிட்டு பாலத்தோட அகலத்தை கடந்தாருன்னு சொல்றாங்க. அந்தக் கல்லுங்க இன்னைக்கும் அங்கேயே இருக்கு, இப்பவும் ஆளுங்க போய் தூக்கிப் பாக்கறாங்க.

இப்ப வரலாறு. 11-ம் நூற்றாண்டுல மூணாம் மால்கம் ராஜா, வேகமா ஓடற தூதுவன் வேணும்னு பிரேமார்ல மலையேற்ற ஓட்டப்பந்தயம் வச்சாருன்னு கதை உண்டு. அது கதை. நாம பாக்கற கேம்ஸ் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுல உருவம் எடுத்தது, 1848-ல விக்டோரியா மகாராணி பிரேமாருக்கு வந்தாங்க, இப்பவும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை அரச குடும்பத்துலேருந்து வர்றது வழக்கம். இதை வச்சு, இது டூரிஸ்டுக்காக உண்டாக்கின ஷோன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல.

ஏன்னா நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். 1746 ஏப்ரல்ல கல்லோடன் போர்ல, பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை திரும்ப கொண்டுவர சண்டை போட்ட ஜாக்கோபைட் படை பிரிட்டிஷ் அரசு படைகிட்ட தோத்துது, அதே வருஷம் போட்ட ஒரு சட்டத்தால ஹைலேண்ட் ஆம்பளைங்க கில்ட் கட்டவே தடை. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில், மறுபடி மாட்டினா ஏழு வருஷம் கடல் தாண்டி நாடு கடத்தல். பேக்பைப்ங்கற ஊதுபை வாத்தியத்தையும் அந்தச் சட்டம் தடை பண்ணுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, சட்டத்துல அந்த வார்த்தையே கிடையாது. ஆனா உடைய மட்டும் எடுத்துக்கிட்டாலே சுமார் 35 வருஷம் தடை, 1782-லதான் நீக்கினாங்க, ஒரு தலைமுறை அப்பாவோட உடைய போட்டுப் பாக்காமலே வளந்துடுச்சு. பின்னாடி நிலச்சொந்தக்காரங்க ஆடு மேய்க்கறதுக்காக ஜனங்களை நிலத்தை விட்டே விரட்டினாங்க, கனடாவுக்கு கப்பல் ஏறினவங்க கொஞ்சமில்ல. அங்க நோவா ஸ்கோஷியா மாகாணத்துல ஆன்டிகோனிஷ்ங்கற ஊர்ல 1863-லேருந்து இந்த கேம்ஸ் நடக்குது. அங்க யாரு டூரிஸ்ட்டுங்க? வீட்டை இழந்தவங்களோட பிள்ளைங்கதான் கூடினாங்க.

ஸ்காட்லாந்துல இந்த ஜனங்களோட பாஷையான கேலிக்குக்கும் தனியா ஒரு விழா உண்டு, மாட்னு பேரு, 1892-ல ஓபன்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது, அந்த மொழிப் பாட்டுப் போட்டி.

நடனத்தை சொல்லாம விடக்கூடாது. ஷான் ட்ரூஸ்னு ஒண்ணு, 'பழைய கால்சட்டை'ன்னு அர்த்தம். கில்ட்டுக்கு பதிலா போட வேண்டியிருந்த கால்சட்டைய உதறித் தள்றதுதான் அந்த அசைவுன்னு வழிவழியா சொல்லிக் கொடுக்கறாங்க. முதல்ல மெதுவா, ஒவ்வொரு காலா நீட்டி உதறுவாங்க. ஒரு காலத்துல ஆம்பளைங்க ஆடினது, இன்னைக்கு ஸ்காட்லாந்துல டனூன் ஊர்ல நடக்கற கோவால் கேதரிங்ங்கற ஹைலேண்ட் விழாவுக்கு போனீங்கன்னா மேடையில பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைங்கதான். பேக்பைப் வாசிக்கறவரு ஒரே சீரா வாசிச்சிட்டே இருக்காரு, அந்தப் பொண்ணு காலை உதறுது, உதறுது, அப்புறம் ரெண்டு கையையும் ஒரு தட்டு தட்டும், உடனே தாளம் வேகம் பிடிக்குது, கில்ட்டு மடிப்பெல்லாம் விரிஞ்சு பறக்க ஆரம்பிக்குது.