கீஸ்டோன்: உயிர் கல்லிலா, உவமையிலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கட்டட வளைவின் உச்சியில் வைக்கும் கல்லுக்குப் பெயர் 'கீஸ்டோன்'; அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உயிர் கல்லிலா, உவமையிலா என்பது கேள்வி. உவமையில்தான் என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசிவிட்டுப் போனார். கொத்தனார்களைத் தவிர யாருக்கு அந்தக் கல்லைத் தெரியும், கொள்கைக்குக் கீஸ்டோன், கூட்டணிக்குக் கீஸ்டோன் என்று எழுதுபவர்கள்தானே சொல்லை வாழவைக்கிறார்கள் என்றார். கைதட்டலும் கிடைத்தது. சரி, நான் கல்லுக்காகப் பேச வந்தவன். கல் கனம் என்பதால் 9 மரக்கட்டைகள் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒன்பதும் ஒரே அளவு, ஆப்பு வடிவம். நடுவில் அட்டையில் செய்த அரைவட்டச் சாரம். கட்டைகள் வெளியே சரியாமல் இருக்க, இரண்டு பக்கமும் தடித்த அகராதிகள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு அடுக்கிவிட்டேன். இப்போது சாரத்தை எடுத்தால் எல்லாம் கீழே. உச்சியில் இந்த ஒன்பதாவதைச் செருகுகிறேன், சாரத்தை உருவுகிறேன். நிற்கிறதா? அந்தக் கடைசிக் கல்தான் கீஸ்டோன். 'கீ' என்றதும் சாவி என்று நினைக்காதீர்கள், இங்கே அதன் வேலை பூட்டுவது.

உவமைக்காரர்கள் அதற்கு என்ன பொருள் சொல்கிறார்கள்? 'எல்லாவற்றிலும் முக்கியமானது'. இதோ, உச்சியை விட்டுவிட்டு இடமிருந்து மூன்றாவதை உருவுகிறேன்... பார்த்தீர்களா, மொத்தமும் போச்சு! எதை எடுத்தாலும் வளைவு விழும். பாரத்தைக் கேட்டால், அடியில் இருக்கும் கற்கள்தான் அதிகம் சுமக்கின்றன. உச்சிக் கல் சுமப்பது குறைவு. கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் கூர்வளைவுகள் பலவற்றில் உச்சியில் கல்லே இல்லை, இணைப்புக் கோடுதான் இருக்கும். கல்லைப் பார்க்காமல் உவமை பேசினால் இப்படித்தான், உட்கார்ந்த இடத்தைப் பார்த்துத் தலைவர் பட்டம் கொடுத்துவிடுவோம்!

கல்லைப் பார்த்துப் பேசியவர்களும் உண்டு. பென்சில்வேனியாவுக்குக் கீஸ்டோன் மாநிலம் என்று பட்டப்பெயர். அமெரிக்காவின் முதல் 13 மாநிலங்களை வரைபடத்தில் எண்ணுங்கள்: வடக்கே 6, தெற்கே 6, நடுவில் அது. என் கட்டைகள் மாதிரியே.

எதிரணி நட்சத்திர மீனைச் சாட்சிக்கு அழைத்தது. அது எங்கள் சாட்சி! ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கடற்கரையில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிக்கொண்டே இருந்தார். அவை தின்றுவந்த சிப்பிகள் பெருகிப் பாறையைப் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆனது. 1969-இல் இப்படிப்பட்ட உயிரினத்துக்கு அவர் 'கீஸ்டோன் இனம்' என்று பெயர் வைத்தார். உருவிப் பார்த்து, சரிவதைக் கண்டு வைத்த பெயர். நான் இங்கே செய்ததும் அதுதானே? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வளைவில் எந்தக் கல்லை எடுத்தாலும் சரியும், கடற்கரையில் எல்லா உயிருக்கும் அந்த வலிமை இல்லை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவும் கல்லைத் தெரிந்திருக்க வேண்டும், ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள். கட்டைகளைப் பொறுக்கிக்கொள்கிறேன். எட்டுதான் இருக்கிறது... ஒன்று எதிரணித் தலைவரின் காலடிக்கு உருண்டிருக்கிறது. அது உச்சியில் இருந்த கட்டையா, ஓரத்தில் இருந்ததா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.